மரத்தடி வெயிலுக்கு வானத்திலிருந்து ஒரு கணக்கு: உங்களுக்குத் தெரியுமா?

ஆவடியில் மத்தியான வேளையில் பஸ்ஸுக்கு நிற்பவர் முதலில் தேடுவது மர நிழலைத்தான். அந்த நிழலுக்குள் எவ்வளவு வெயில் கசிகிறது என்பதை, 800 கிலோமீட்டர் உயரத்தில் பறக்கும் செயற்கைக்கோளின் படங்களை வைத்தே கணக்கிட்டுவிடுகிறார்கள். அடர்காடுகளை ஆராயப் பயன்படும் வித்தை இது. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிக்காரர்களுக்கும் அதில் தெரிந்துகொள்ள நிறைய இருக்கிறது.

★

முதலில் ஒரு உண்மை. மரத்தடி வெயிலை நேரடியாகப் பார்க்கும் செயற்கைக்கோள் எதுவும் கிடையாது. மேலிருந்து பார்த்தால் தெரிவது இலைக்கூரை மட்டும்தான். ஆகவே இது ஒரு கழித்தல் கணக்கு. கூரைக்கு மேலே விழும் வெயிலை, 36,000 கி.மீ. உயரத்தில் நிலைகொண்டிருக்கும் இன்சாட்-3டி வகைச் செயற்கைக்கோள்கள் மேகங்களைக் கவனித்து மதிப்பிடுகின்றன. இலை எவ்வளவு அடர்த்தி என்பதைத் தாழ்வாகப் பறக்கும் வேறொரு செயற்கைக்கோள் சொல்லும். வந்த வெயிலில் இலை விழுங்கியது போக மிச்சம் எவ்வளவோ, அதுதான் தரைக்கு.

★

இந்தக் கணக்குக்கு அடித்தளம் போட்டவர்கள் மாசாமி மோன்சி, தோஷிரோ சாயெகி என்ற இரண்டு ஜப்பானியர்கள். ஆண்டு 1953. செயற்கைக்கோள் என்று ஒன்று பிறக்கவே இன்னும் நான்கு ஆண்டுகள் இருந்தன!

அவர்கள் சொன்னதை நம்மூர் அளவையில் சொல்லலாம். ஒரு கிரவுண்ட் மனை, அதாவது 2,400 சதுர அடி. அதன் மேல் கவிந்திருக்கும் இலைகளை எல்லாம் பறித்து, ஒன்றின்மேல் ஒன்று படாமல் பரப்பினால் 3 கிரவுண்ட் நிறைகிறது என்று வையுங்கள். அப்படியானால் அந்த மரக்கூட்டத்தின் ‘இலைப்பரப்புக் குறியீடு’ 3. ஒவ்வொரு அடுக்கு இலையும் மேலிருந்து வரும் ஒளியில் ஒரே விகிதத்தைப் பிடித்துக்கொண்டு மிச்சத்தைக் கீழே விடுகிறது. அதனால் ஒளி படிப்படியாக அல்ல, மளமளவென்று குறைகிறது. சராசரியான இலைச் சாய்வுக்குக் கணக்குப் போட்டால், குறியீடு 1 என்கிறபோது தரைக்கு வருவது சுமார் 60 சதவீத ஒளி. 3 என்றால் 22. 5 என்றால் வெறும் 8.

★

இலை எத்தனை என்பது மட்டுமல்ல, எப்படிச் சாய்ந்திருக்கிறது என்பதும் முக்கியம். படுக்கையாக விரிந்த இலை ஒளியை மேலேயே மறித்துவிடும். செங்குத்தாக நிற்கும் இலை அடிவரை விடும். 1966-ல் வந்த ஐ.ஆர்.8 நெல் விளைச்சலில் சாதனை படைத்ததற்கு, குட்டையான தண்டோடு நிமிர்ந்த இலைகளும் ஒரு காரணம். கீழ் இலைகளும் பட்டினி கிடக்காமல் ஒளி பெற்றன. அதே கணக்கு வயலுக்கும் பொருந்தியது.

★

இலைகளின் பசுமையைச் செயற்கைக்கோள் எப்படி அறிகிறது? நம் கண்ணுக்குத் தெரியாத ஒரு நிறத்தை வைத்துத்தான். பச்சை இலை சிவப்பு ஒளியைப் பெரும்பாலும் விழுங்கிவிடும். அதை அடுத்திருக்கும் அகச்சிவப்பு ஒளியை அது சீண்டுவதே இல்லை. ஏறக்குறைய பாதியைத் திருப்பி வானத்துக்கு அனுப்பிவிடும். திரும்பி வரும் சிவப்புக்கும் அகச்சிவப்புக்கும் உள்ள வித்தியாசத்தை இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் கிடைப்பது என்.டி.வி.ஐ. என்ற பசுமைக் குறியீடு. மண்ணுக்கு அது குறைவு, தண்ணீருக்குச் சுழியத்துக்கும் கீழே, செழித்த மரத்துக்கு 0.8 வரை.

இதில் இரண்டு ஓட்டைகள் உண்டு. இலைப்பரப்புக் குறியீடு மூன்று, நான்கைத் தாண்டினால் என்.டி.வி.ஐ. மேலே ஏறாமல் தேங்கிவிடும். அதாவது நல்ல நிழலுக்கும் கும்மிருட்டு நிழலுக்கும் அதற்கு வித்தியாசம் தெரியாது. இன்னொன்று நம்மூர்ச் சங்கதி. அம்பத்தூர், கொரட்டூர் பக்கத்து ஏரிகளில் ஆகாயத்தாமரை படர்ந்தால் செயற்கைக்கோளுக்கு அது அருமையான பசுமை. தெருவோரத்து வேப்ப மரத்தை விட அதிக மதிப்பெண்கூட வாங்கிவிடும். ஆனால் அதன் நிழலில் ஒதுங்க மீன்களால்தான் முடியும்! ‘பசுமை கூடிவிட்டது’ என்ற வண்ணப்படத்தைப் பார்க்கும்போது, அது எந்தப் பசுமை என்று கேட்டே ஆகவேண்டும்.

★

செயற்கைக்கோள் படத்தின் ஒரு புள்ளி எவ்வளவு பெரியது? இதற்கும் கிரவுண்ட் கணக்கே வசதி. அமெரிக்காவின் லேண்ட்சாட் படத்தில் ஒரு புள்ளி 30 மீட்டருக்கு 30 மீட்டர். அது 4 கிரவுண்ட். நம் ரிசோர்ஸ்சாட்டில் உள்ள லிஸ்-3 கேமராவுக்கு 23.5 மீட்டர், இரண்டரை கிரவுண்ட். ஐரோப்பாவின் சென்டினல்-2 படத்தில் 10 மீட்டர். அரை கிரவுண்டுக்குச் சற்றுக் குறைவு. ரிசோர்ஸ்சாட்டின் லிஸ்-4 கேமராவுக்கு 5.8 மீட்டர், சுமார் 360 சதுர அடி, ஒரு சின்ன போர்ஷன். உங்கள் வீட்டு வாசல் முருங்கையைத் தனி மரமாகக் காண்பது இந்தக் கடைசிக் கேமராவுக்கே சிரமம்.

★

இந்திய வன ஆய்வு நிறுவனத்தின் கணக்கில் ‘காடு’ என்றால் என்ன தெரியுமா? குறைந்தது ஒரு ஹெக்டேர், அதாவது ஏறத்தாழ 45 கிரவுண்ட் பரப்பு. அதில் 10 சதவீதத்துக்காவது மரங்களின் தலை கவிந்திருக்க வேண்டும். அவ்வளவுதான். யாருடைய நிலம், என்ன மரம் என்ற கேள்வி கிடையாது. மாந்தோப்பும் தென்னந்தோப்பும்கூட அதில் சேரும். 10 முதல் 40 சதவீதம் வரை ‘திறந்த காடு’, 40 முதல் 70 வரை ‘நடுத்தர அடர்த்தி’, 70-க்கு மேல் ‘மிக அடர்ந்த காடு’. ஆக, பத்தில் ஒன்பது பங்கு தரை வானத்தைப் பார்த்துக் கிடந்தாலும், சட்டப்படி இல்லாவிட்டாலும், கணக்குப்படி அது காடுதான். 45 கிரவுண்டுக்குக் குறைந்த தோப்புகளும் தனி மரங்களும் ‘மரப் பரப்பு’ என்ற வேறு கணக்கில் வரும்.

இந்த அளவுகோலின்படி சென்னை மாநகரின் காட்டுப் பரப்பு 2011-ல் 18.02 சதுர கி.மீ.; 2021 அறிக்கையில் 22.70. மாநகரப் பரப்பில் சுமார் 5 சதவீதம். அம்பத்தூர் 2011-ல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது, ஆவடி 2019-ல் தனி மாநகராட்சி ஆனது, பூந்தமல்லி நகராட்சி. ஆகவே சென்னையின் பசுமைக் கணக்கைப் படிக்கும் ஆவடிக்காரர் அதில் தன் ஊரைத் தேட வேண்டாம்.

★

மரத்தடியில் விழும் வெயில் பொட்டுகள் ஏன் வட்டமாக இருக்கின்றன? இலை இடுக்குகள் வட்டமாக இல்லையே! ஒவ்வொரு பொட்டும் சூரியனின் படம். இலை இடுக்கு ஊசித்துளைக் கேமராவாக வேலை செய்கிறது. 2019 டிசம்பர் 26 காலை சூரிய கிரகணத்தின்போது சென்னையின் மரத்தடிகளில் எல்லாம் அந்த வட்டங்கள் பிறைகளாக மாறின.

இதிலேயே ஒரு அளவுகோலும் ஒளிந்திருக்கிறது. சூரியனின் விட்டத்தைப் போல சுமார் 108 மடங்கு தூரத்தில் சூரியன் இருக்கிறது. அதே விகிதம் இந்தப் பொட்டுக்கும் பொருந்தும். உச்சி வெயிலில் வட்டத்தின் விட்டம் 10 சென்டிமீட்டர் என்றால், அதை உண்டாக்கிய சிறு இடுக்கு கிட்டத்தட்ட 11 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏணி வேண்டாம், அடிஸ்கேல் போதும்.

★

அடர்ந்த மழைக்காட்டின் தரைக்கு வருவது மேலே விழும் ஒளியில் 1 முதல் 2 சதவீதம் மட்டுமே. அந்தச் சொற்ப ஒளியிலும் பெரும்பங்கு, நொடிக்கணக்கில் வந்து போகும் வெயில் பொட்டுகளாகவே பல இடங்களில் கிடைக்கிறது. நிழலில் வாழும் செடிகள் அந்தச் சில நொடிகளுக்காகவே காத்திருந்து உணவு தயாரித்துக்கொள்கின்றன. ஐந்து நாளுக்கு ஒருமுறை படம் எடுக்கும் செயற்கைக்கோளுக்கு இந்தப் பொட்டுகள் அகப்படுமா? அகப்படாது. சராசரியைத்தான் அதனால் சொல்ல முடியும்.

இன்னொரு வேடிக்கை. உச்சிவெயில் ஏறக்குறைய 1,00,000 லக்ஸ். அதில் 2 சதவீதம் 2,000 லக்ஸ். அம்பத்தூர் எஸ்டேட்டில் குழல்விளக்குக்குக் கீழ் வேலை பார்ப்பவரின் மேஜைக்கு 500 லக்ஸ் கிடைத்தால் அதிகம். ‘இருண்ட கானகம்’ அந்த ஆபீசைவிட நான்கு மடங்கு வெளிச்சம்! நம் கண் எந்த வெளிச்சத்துக்கும் தன்னைச் சரிசெய்துகொள்வதால், நிழலின் ஆழத்தைக் கண்ணால் மதிப்பிடுவது வீண்.

★

ஆவடி, அம்பத்தூர் எல்லாம் வடக்கு அட்சரேகை 13 பாகையை ஒட்டி இருப்பதால், ஏப்ரல் 24 வாக்கிலும் ஆகஸ்ட் 18 வாக்கிலும் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. மத்தியானம் 12 மணி தாண்டிச் சில நிமிடங்களில் கொடிக்கம்பத்துக்கு நிழலே இராது. டிசம்பர் கடைசியில் அதே நேரத்துச் சூரியன் தெற்கே சாய்ந்து சுமார் 53 பாகை உயரத்தில் நிற்கும். அப்போது ஒளி மரத்தலையைச் சாய்வாகக் கடப்பதால் கால் பங்கு அதிக தூரம் இலைக்குள் பயணிக்க வேண்டும். மே முதல் ஜூலை வரை சூரியன் நமக்கு வடக்கே. அந்த மாதங்களில் மத்தியான நிழல் மரத்துக்குத் தெற்கே விழும். எந்தப் பக்கம் வண்டியை நிறுத்துவது என்பதற்கு இதுவே போதும்.

★

புங்கை மரம் மாசி, பங்குனியில் இலையை உதிர்க்கிறது. சித்திரை வெயில் உச்சிக்கு வரும்போது பளபளவென்று புது இலையோடு நிற்கிறது. வேம்பும் கிட்டத்தட்ட அப்படித்தான். தேவைப்படும் மாதத்தில் நிழல் தரும் மரங்களைத் தெருவில் வைத்தவர்களுக்கு ஒரு கும்பிடு. ஆனால் பிப்ரவரியில் எடுத்த ஒற்றைப் படத்தை வைத்து ‘இந்தத் தெருவில் நிழல் இல்லை’ என்று முடிவு கட்டினால் கணக்கு தப்பும். அதனால்தான் ஆண்டு முழுக்க எடுத்த படங்களை வரிசையாக வைத்துப் பார்க்கிறார்கள்.

தூங்குமூஞ்சி மரத்தின் கதை வேறு. மாலையிலும், வானம் நன்றாக மூடிக்கொண்டாலும், அது இலைகளை மடித்துக்கொள்ளும். லேண்ட்சாட், சென்டினல், ரிசோர்ஸ்சாட் மூன்றும் நம் தலைக்கு மேல் வருவது காலை 10, 10:30 மணி வாக்கில். தூங்குமூஞ்சி விழித்திருக்கும் வேளையை மட்டுமே அவை பார்த்திருக்கின்றன.

★

திருமுல்லைவாயில் தலபுராணத்தில், தொண்டைமான் மன்னனின் யானைக் கால்களை முல்லைக் கொடிகள் பின்னிக்கொண்டன என்று வரும். கொடிகள் அப்படித்தான், ஒளிக்காக மரத்தின் உச்சிக்கே ஏறி அங்கே தம் இலையை விரித்துவிடும். மேலிருந்து பார்க்கும் கேமராவுக்கு மரத்தின் இலை எது, கொடியின் இலை எது என்று பிரிக்கத் தெரியாது.

★

நம் நாட்டில் தொலையுணர்வு, அதாவது எட்ட நின்றே அளக்கும் கலை, தொடங்கியதே மரத்தலையைப் பார்ப்பதில்தான். 1970 வாக்கில், கேரளத் தென்னைகளைத் தாக்கிய வேர்வாடல் நோயை, ஹெலிகாப்டரிலிருந்து அகச்சிவப்பு வண்ணப் படச்சுருளில் படமெடுத்து அடையாளம் கண்டார்கள். நோயுற்ற ஓலை அகச்சிவப்பைத் திருப்பி அனுப்பும் விதம் மாறிவிடுகிறது. முன்னின்று நடத்தியவர் பி. ஆர். பிஷாரடி, சி. வி. ராமனிடம் ஆய்வு செய்தவர். இந்தியத் தொலையுணர்வின் தந்தை எனப்படுபவர். 18 ஆண்டுகள் கழித்து, 1988 மார்ச் 17 அன்று, நம் தொலையுணர்வுச் செயற்கைக்கோள் ஐ.ஆர்.எஸ்.-1ஏ விண்ணுக்குப் போனது.

★

ரிசோர்ஸ்சாட்-2ஏ ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பியது 2016 டிசம்பர் 7. நாடு முழுக்க மரத்தலைகளைக் கணக்கெடுக்கப் போன அந்தச் செயற்கைக்கோள் சுற்றுப்பாதைக்குப் போய் ஐந்தாவது நாள், டிசம்பர் 12 அன்று, வர்தா புயல் சென்னையின் மரங்களைச் சாய்த்துவிட்டுப் போனது. கவிந்த கிளைகள் போன இடங்களில், அதுவரை பகலெல்லாம் நிழலில் கிடந்த தரை மறுநாள் காலையே முழு வெயிலுக்கு வந்துவிட்டது.

★

கேமராவுக்குத் தெரியாததை லேசர் பார்க்கும். சர்வதேச விண்வெளி நிலையத்தில் 2018 டிசம்பரில் பொருத்தப்பட்ட ‘கெடி’ என்ற கருவி, கீழே லேசர் துடிப்புகளை அனுப்புகிறது. ஒவ்வொரு துடிப்பும் தரையில் 25 மீட்டர் வட்டத்தில் விழும். இரண்டு கிரவுண்டுக்குக் கொஞ்சம் அதிகம். உச்சி இலையில் பட்டுத் திரும்புவது முதலில் வரும், நடுக்கிளையில் பட்டது அடுத்து, தரையில் பட்டது கடைசியில். எவ்வளவு பங்கு தரைவரை போய்த் திரும்பியது என்று பார்த்தால் இலைக்கூரையில் எவ்வளவு சல்லடை என்று தெரிந்துவிடும். மரத்தடி வெயிலுக்கு இதைவிட நெருக்கமான சாட்சி விண்வெளியில் வேறு இல்லை. ஆனால் அது கோடுகளாகத்தான் அளந்துகொண்டு போகும். இடைப்பட்ட நிலத்தைக் கேமராப் படங்களை வைத்து இட்டு நிரப்ப வேண்டியதுதான்.

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் நமக்கு மேலே மேகம் விலகாதே, அப்போது? அதற்கு ரேடார். இஸ்ரோவும் நாசாவும் சேர்ந்து 2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து அனுப்பிய நிசார், 12 நாளுக்கு ஒருமுறை அதே இடத்துக்கு மேல் வருகிறது. அதன் 24 சென்டிமீட்டர் அலை மேகத்தையும் இலையையும் ஊடுருவிக் கிளை, தண்டு வரை போகும். ஒளியை அது அளக்காது. ஒளியை மறிப்பது எது என்று காட்டும்.

★

புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தோடு தொடர்புடைய ஆய்வாளர்கள், மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளுக்குக் கூகுள் எர்த் படங்களையே பயன்படுத்தினார்கள். மரத்தலைகளுக்கு நடுவே விழும் நிழல்களின் சொரசொரப்பை அலைகளாகப் பிரித்துப் பார்த்து, பெரிய மரங்களா, சிறிய மரங்களா, எவ்வளவு மரச்செறிவு என்று மதிப்பிட்டார்கள். அந்த ஆய்வு 2012-ல் வெளிவந்தது. கோடி ரூபாய்க் கருவி எதுவும் இல்லை.

★

முதுமலையில் இந்திய அறிவியல் கழகம் 1988 முதல் 50 ஹெக்டேர் காட்டை மரம் மரமாகக் கணக்கெடுத்து வருகிறது. இலையுதிர் காடு அது. கோடையில் மேலே மொட்டை, தரையெங்கும் வெயில். அந்த வெயிலில்தான் உண்ணிச்செடி கும்மாளம் போடுகிறது. நம் காடுகளின் பெரிய தலைவலி இந்தச் செடி. மேலே மரம் இலையில்லாமல் நிற்கும்போது கீழே பச்சை தெரிந்தால் புதர் எங்கே என்று செயற்கைக்கோளும் கண்டுபிடித்துவிடலாம்.

★

வெயில் குறைந்தால் காட்டுக்கு நட்டம் என்று தோன்றும். 1991-ல் பிலிப்பைன்சின் பினடுபோ எரிமலை வெடித்து வானமெங்கும் மெல்லிய திரை போட்டது. ஆனால் அமெரிக்காவின் ஹார்வர்டு காட்டில், மேகமற்ற மத்தியானங்களில் ஒளிச்சேர்க்கை 1992-ல் 23 சதவீதம் கூடியிருந்தது! நேர்வெயில் உச்சி இலையில் நின்றுவிடும். சிதறிய ஒளி எல்லாப் பக்கமிருந்தும் நுழைந்து அடி இலைவரை போகும்.

★

கணக்கு தெரியாமலேயே கணக்காக நிழலை ஆண்டவர்கள் நம் விவசாயிகள். வெற்றிலைக் கொடிக்காலில் கொடி ஏறவும் நிழல் தரவும் அகத்தி. நிழல் கூடினால் அகத்திக் கீரையை ஒடித்துவிடுவார்கள். ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்களில் நிழல் மரத்தின் கிளையைக் கழிப்பது ஆண்டு வேலை. பூந்தமல்லி தாண்டி பெங்களூரு நெடுஞ்சாலையோர நர்சரிகளில் கேட்டால், 50 சதவீத நிழல் வலையா, 75 சதவீத நிழல் வலையா என்று எந்தச் செடிக்கு எது என்று சட்டென்று சொல்வார்கள். மரத்துக்கும் அந்த மாதிரி ஒரு சதவீதம் உண்டு. எழுதி ஒட்டப்படவில்லை, அவ்வளவுதான்.

★

விண்வெளிக் கணக்கைத் தரையில் சரிபார்க்க வேண்டுமே! அதற்கு வானம் முழுவதையும் ஒரே படத்தில் பிடிக்கும் மீன்கண் லென்ஸ். 1924-ல் மேகங்களைப் படமெடுக்க அதை வடிவமைத்தவர் ராபின் ஹில். பிளஸ் டூ தாவரவியலில் வரும் ‘ஹில் வினை’ இவர் பெயரால்தான். 1959-ல் எவான்ஸ், கூம்ப் என்ற இருவர் அதைக் காட்டுக்குள் கொண்டுபோய், மரத்தடியில் படுக்கவைத்து மேல்நோக்கிப் படமெடுத்து ஒளியைக் கணக்கிட்டார்கள். இன்றும் செயற்கைக்கோள் மதிப்பீட்டுக்கு உரைகல் இந்த மாதிரிப் படங்கள்தான்.

★

உங்கள் கையிலுள்ள செல்போனிலும் ஒளி உணரி இருக்கிறது. லக்ஸ் காட்டும் இலவசச் செயலி ஒன்றைப் போட்டுக்கொண்டு, மத்தியானம் வெட்டவெளியில் ஒருமுறை, மரத்தடியில் நாலைந்து இடங்களில் நகர்ந்து நகர்ந்து சிலமுறை பாருங்கள். மரத்தடி எண்களின் சராசரியை வெட்டவெளி எண்ணால் வகுத்து நூறால் பெருக்கினால், அந்த மரம் எத்தனை சதவீத வெயிலைக் கீழே விடுகிறது என்று வந்துவிடும். துல்லியம் சுமார்தான்; சில போன்கள் உச்சிவெயிலில் திணறும். அப்படியானால் காலை 9 மணிக்கு முன் பாருங்கள்.

★

சென்னை மாநகராட்சி 2020 முதல் மியாவாக்கி முறையில் நெருக்கி நடும் குறுங்காடுகளை வளர்த்து வருகிறது, கோட்டூர்புரத்தில் தொடங்கியது. நெருக்கி நட்ட கன்றுகள் சில ஆண்டுகளிலேயே கவிந்து தரையை மூடிவிடும். நல்லதுதான். ஆனால் வேலிக்குள் இருக்கும் நிழல், பஸ் நிறுத்தத்தில் நிற்பவருக்கு உதவாது. உங்கள் வார்டில் அடுத்த மரநடு விழாவுக்குக் கவுன்சிலர் வரும்போது, எத்தனை கன்று என்று கேட்காதீர்கள். என்ன மரம், எந்தப் பக்கம், பத்து ஆண்டு கழித்து சித்திரை மத்தியானத்தில் அந்த நடைபாதையில் எத்தனை சதவீத வெயில் விழும் என்று கேளுங்கள். பதிலைச் சரிபார்க்கும் படங்கள் இஸ்ரோவின் ‘புவன்’ தளத்தில் இருக்கின்றன. போன் உங்கள் பையில் இருக்கிறது.